வேப்பமரத்தடியில் அத்தாவின் சாமான்

லோயிஸ், தூங்கிவிட்டாயா? தூங்கியிருந்தாலும் எழுந்திரு. இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

மெதுவாகப் பேசு. முன்னறையில் அத்தா படுத்திருக்கிறார். அவர் கால்மாட்டில் பாய் போட்டு அம்மா. வெளியே, கேட்டுக்கு உள்பக்கம், கயிற்றுக் கட்டிலில் பெரியத்தா. அவர் மட்டும் தூங்கவில்லை. அவர் தூங்கினால் குறட்டைச் சத்தம் தெருமுனை வரை கேட்கும். இப்போது கேட்கவில்லை, பார். பேப்பரை மடித்து விசிறிக்கொண்டு கிடக்கிறார். அத்தாவுக்கு அண்ணன்தான், ஆனால் எனக்குப் பயமே அவரிடம்தான்.

என் கையைத் தொட்டுப் பார். சில்லென்று இருக்கிறது, இல்லை?

நீ போலாரத்தில் உன் சித்தி வீட்டுக்கு லீவுக்குப் போனாய். நீ போன பிறகுதான் எல்லாம் நடந்தது. அத்தாவுக்குக் கம்பெனியில் வேலை பார்க்கும்போதே நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பாரம் தூக்கக் கூடாது, படி ஏறக் கூடாது, திடுக்கென்று எதையும் சொல்லக் கூடாது என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்த அத்தா ரேடியோகூடப் போடவில்லை. சுவரைப் பார்ப்பார். என்னைப் பார்ப்பார். மறுபடி சுவரைப் பார்ப்பார். ஒருநாள் சாயங்காலம் வக்கீல் ஜம்புநாதன் சாரைக் கூப்பிட்டனுப்பினார். அடுத்த வீட்டிலிருந்து உன் அப்பாவும் வந்து உட்கார்ந்தார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சார், எங்க கம்பெனி நாராயணசாமி, அவரு அண்ணன் மகனைத் தத்து எடுத்தாரே, அதுக்கு நீங்கதானே பத்திரம் எழுதுனீங்க? அதே மாதிரி எனக்கும் ஒண்ணு எழுதிருங்க. பேரை மட்டும் மாத்தினாப் போதும்" என்றார் அத்தா.

ஜம்புநாதன் சார் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். "பேரை மாத்தினா போதாது ராவுத்தரே. உங்களையே மாத்தணும்."

"என்னது?"

"அது இந்துச் சட்டம். உங்க சட்டத்துல தத்தே கிடையாது. வளர்க்கலாம், படிக்க வைக்கலாம், நல்ல இடமாப் பாத்துக் கல்யாணம் பண்ணலாம். அத்தனையும் புண்ணியம். ஆனா உங்களுக்கு அப்புறம் ஷம்ஷாத் வாரிசு இல்லை."

"ஸ்கூல்ல என் பேருதானே சார் இருக்கு?"

"ஸ்கூல்காரா எழுதிட்டா பொண்ணாயிடுவாளா, ஓய்?"

உனக்குத்தான் தெரியுமே, லோயிஸ். அம்மாவின் தங்கை என்னைப் பெற்றுவிட்டு இறந்துபோனாள். என்னைப் பெற்றவரும் சீக்கிரமே போய்விட்டார். தலை நிற்காத குழந்தையாக என்னை அம்மா ரயிலில் எடுத்து வந்தாள். இதை யாரும் என்னிடம் மறைக்கவில்லை. ஆனால் நானும் ஒருநாளும் அதை நினைத்துப் பார்த்ததில்லை. அத்தா அத்தாதான், அம்மா அம்மாதான். சட்டம் என்று ஒன்று எங்கேயோ உட்கார்ந்துகொண்டு இல்லை என்று சொல்லும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

உன் அப்பா சொன்னார்: "எங்களுக்கும் தத்துச் சட்டம் கிடையாதுல்லா சார். ஆனா உயில்னு எழுதினா மொத்தத்தையும் யாருக்கு வேணும்னாலும் எழுதிரலாம்."

"கிதியோன், உமக்கு அது முடியும். ராவுத்தருக்கு முடியாது. வெளியாளுக்கு உயில் எழுதறதுன்னா மூணுல ஒரு பங்குதான். அதுக்கு மேல எழுதினா வாரிசுகள் ஒத்துக்கணும். ராவுத்தரே, எழுதாமப் போனா உங்காத்து ஜெய்த்தூன் அம்மாவுக்கு வீட்டுல கால் பங்கு. மிச்ச முக்காலும் உங்க அண்ணாவுக்கு."

ஒரே தெரு. ஒரே தண்ணீர்க் குழாய். ஒரே கரண்ட் கம்பத்திலிருந்து மூன்று வீட்டுக்கும் கம்பி வருகிறது. ஆனால் மூன்று வீட்டுக்கும் மூன்று சட்டம். அதைவிட எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் தைத்தது. வெளியாள். அரிசி களைய எடுத்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். அம்மா வந்து தன் முந்தானையால் என் கையைத் துடைத்தாள். என் கை ஈரமாகவே இல்லை.

"மூணுல ஒண்ணுன்னா நான் எந்த அறையைச் சார் குடுக்கிறது? அடுப்படியவா?" என்றார் அத்தா. "எனக்கு அண்ணன் மேல ஒண்ணுமில்ல. ஆனா இவளும் இவ அம்மாவும் ஒருத்தர் வீட்டுல ஒதுங்கி இருக்கக் கூடாது."

"அப்போ உயிரோட இருக்கும்போதே இனாமாக் குடுத்துடுங்கோ. ஹிபான்னு உங்க சட்டத்துலயே இருக்கு. அதுக்கு இந்த மூணுல ஒண்ணுங்கிறதெல்லாம் கிடையாது. குடுத்தேன்னு நீங்க சொல்லணும், வாங்கிண்டேன்னு அவ சொல்லணும், வீட்டை அவ கையில ஒப்படைக்கணும். விவரம் தெரிஞ்ச பொண்ணு, அவளே வாங்கிக்கலாம். ஞாபகத்துக்கு நான் ஒரு காகிதம் எழுதித் தரேன். ஆனா காகிதம் முக்கியமில்லை. ஒப்படைக்கறதுதான் முக்கியம்."

"அதுக்கென்ன, சாவியைக் குடுத்துட்டாப் போச்சு."

"அதான் இல்லை. பெத்த பொண்ணா இருந்தா ஒரே வீட்டுல இருக்கேள், அது போதும்னு கோர்ட்டு விட்டுடும். இவ விஷயத்துல நாளைக்கு யாராவது கேள்வி கேக்கலாம். அதனால சுத்தமாப் பண்ணிடுவோம். நீங்க வீட்டை விட்டு வெளியில போகணும். உங்க சாமான் ஒண்ணு விடாம வெளியில போகணும். உங்க செருப்புகூட உள்ள இருக்கப்படாது. ஜெய்த்தூன் அம்மாவோட பண்டம் பாத்திரம் இருக்கலாம், அது அவாளுது. உங்களுது எதுவும் இருக்கப்படாது. கதவைச் சாத்திண்டு அவ உள்ள நிக்கணும். அப்புறம் அவளா இஷ்டப்பட்டுக் கூப்பிட்டா நீங்க திரும்ப வரலாம்."

"கூப்பிடலேன்னா?" அத்தா அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தார்.

"எங்காத்துக்கு வாங்கோ. சீட்டாட ஒரு கை குறையறது."

நல்ல நாள் பார்த்துச் செய்யலாம் என்று இருந்தோம். அதற்குள் பெரியத்தா வந்துவிட்டார். தம்பிக்கு நெஞ்சுவலி என்று தந்தி போனதும் உத்தமபாளையத்திலிருந்து கிளம்பி, ரயில் மாறி, ஒரு கூடை கம்பம் திராட்சையோடு வந்து இறங்கினார். பாதித் திராட்சை நசுங்கிச் சாறு சட்டையெல்லாம் ஒழுகியிருந்தது. வந்ததும் அத்தாவைக் கட்டிப்பிடித்து அழுதார். அழுதுகொண்டே திட்டினார். "பொடிப்பய, எனக்கு முன்னாடி போகப் பாத்தியாக்கும்!"

அதுவரை எல்லாம் சரி. சாப்பிட்டு எழுந்ததும் என்ன செய்தார் தெரியுமா? ஒவ்வோர் அறையாகப் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தார். உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார். "கருங்கல்லா? சட்டைக்காரன் நல்லாத்தான் கட்டி வச்சிருக்கான். பின்னாடி எம்புட்டு எடம் கெடக்கு?" என்றார், வீட்டை முதலில் கட்டிய ஆங்கிலோ இந்தியரைச் சொல்லி. அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன்.

அன்று ராத்திரி அவர் ஒரு கதை சொன்னார். அவருடைய மாமா ஒருவர் ஊரில் இருந்த வீட்டை இவருக்கு இனாமாகக் கொடுத்தாராம். சாமானெல்லாம் எடுத்துக்கொண்டு வெளியே போனாராம். பின்கட்டில் ஓர் இற்றுப்போன கயிற்றுக் கட்டிலை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. மாமா இறந்ததும் அவருடைய பங்காளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். கொடுத்தவர் சாமான் உள்ளே கிடந்தது, அதனால் வீடு கைமாறவே இல்லை என்று தீர்ப்பு வந்துவிட்டது. "ஒரு ஓட்டைக் கட்டிலு! அதுக்குப் போயி ஒரு வீடு போச்சு" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். எங்களில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. இந்தச் சட்டம் எல்லோரையும்விட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும் என்று மட்டும் தெரிந்தது.

இன்று காலையில் அவர் போலாரத்துக்குக் கிளம்பினார். பட்டாளத்தில் இருக்கும் அவர் ஊர்ப் பையன் ஒருவனைப் பார்க்க. அத்தாவே பஸ் ஸ்டாப் வரை போய் ஏற்றிவிட்டார். திரும்பி வந்ததும் அம்மாவிடம், "இப்பவே செஞ்சிரலாம்" என்றார்.

உன் அப்பா போவன்பள்ளி மார்க்கெட்டிலிருந்து திரும்பும் தள்ளுவண்டி ஒன்றைப் பிடித்து வந்தார். வண்டி முழுக்கக் கொத்தமல்லி வாசனை. அத்தா ஒரு சாமானும் தூக்கக் கூடாது என்று நாற்காலியில் உட்கார வைத்தோம். கடைசியில் அந்த நாற்காலியும் அவருடையது என்று எழுப்பிவிட்டோம். பீரோ, ரேடியோ, குடை, சவரப் பெட்டி, கயிற்றுக் கட்டில், கம்பெனியில் கொடுத்த சுவர்க் கடிகாரம், எல்லாம் எதிர்ப்பக்கத்து வேப்பமரத்தடிக்குப் போயின. வண்டிக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "கைக்கு சாப்? கர் கைக்கு காலி கர்ரே?" என்று கேட்டார், வீட்டை எதற்குக் காலி செய்கிறோம் என்று. அத்தா, "மேரா கர் நை, மியா. பேட்டி கா கர்" என்றார். என் வீடு இல்லை, மகள் வீடு. எவ்வளவு பெருமையாகச் சொன்னார் தெரியுமா!

வாசற்படியில் நின்று, உன் அப்பாவும் ஜம்புநாதன் சாரும் பார்க்க, அத்தா சாவியை என் உள்ளங்கையில் வைத்தார். "இந்த வீட்டை உனக்குக் குடுத்துட்டேன், ஷம்ஷு." "வாங்கிக்கிட்டேன், அத்தா" என்று சொன்னேன். குரலே வரவில்லை. ஜம்புநாதன் சார், "கொஞ்சம் உரக்கச் சொல்லும்மா, சாட்சிக்குக் காது மந்தம்" என்றார். மறுபடி சொன்னேன். பிறகு அத்தா திரும்பிப் பார்க்காமல் தெருவைக் கடந்தார். நான் கதவைச் சாத்தினேன். அத்தா வெளியே இருக்கும்போது நான் உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டது இதுதான் முதல் தடவை.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மரத்தடியில் சாமான்களுக்கு நடுவே அத்தா ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். போகிற வழியில் ஓர் அம்மாள் நின்று, "ஈ குர்ச்சி எந்தண்டி?" என்று நாற்காலிக்கு விலை கேட்டாள். "அம்மம்மா, இதி அம்மகானிகி காது" என்று அத்தா கும்பிட்டார். விற்பனைக்கு இல்லையாம். அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதவைத் திறந்து, "வாங்கத்தா, உள்ள வாங்க" என்றேன். விருந்தாளி மாதிரி படியில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். "குடிக்கத் தண்ணி கிடைக்குமா, வீட்டுக்காரம்மா?" என்றார். பின்னாலேயே சாமானும் ஒவ்வொன்றாகத் திரும்ப உள்ளே வந்தது.

இதோடு முடிந்திருந்தால் உன்னை எழுப்பியிருக்கவே மாட்டேன்.

சாயங்காலம் நீ வந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் பெரியத்தாவும் வந்தார். அத்தா மறைக்கவில்லை. கையைப் பிடித்துச் சொல்லிவிட்டார். பெரியத்தா திராட்சை ஒன்றை வாயில் போட்டிருந்தார். மெல்லுவதை நிறுத்தினார்.

"என்னையப் பஸ் ஏத்திவிட்டுட்டா செஞ்சீங்க?"

அவ்வளவுதான் கேட்டார். எழுந்து வெளியே போய்க் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

அம்மா ராத்திரிச் சோற்றுக்கு அரிசி எடுக்கச் சொன்னாள். டிரம்முக்குள் கையை விட்டேன். துணி தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால், கைக்குட்டையில் சுற்றிய ஒரு வெல்வெட் தொப்பி. அத்தாவுடைய கல்யாணத் தொப்பி. பெருநாளுக்குப் பெருநாள் போடுவாரே, அதுதான்.

அம்மா பின்னாலேயே நின்றிருந்தாள். டிரம் மூடியை என் கையிலிருந்து வாங்கினாள். "அத அப்படியே உள்ள வச்சிரு" என்றாள்.

"அம்மா, ஒரு செருப்புகூட இருக்கக் கூடாதுன்னு..."

"தெரியும்டி. எல்லாத்தையும் எடுத்து வெளிய வச்சாங்க. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒரு வீட்டுல ஆம்பளையோட சாமான் ஒண்ணுகூட இல்லாம எடுத்து வெளிய குடுக்கிறது எப்பன்னு உனக்குத் தெரியுமா? மௌத்தாப் போனாத்தான். எங்க அத்தா போனப்ப அப்படித்தான் குடுத்தோம், கடைசிச் சட்டை வரைக்கும். நெஞ்சு வலியில பொழச்சு வந்த மனுசன், உசுரோட எதுத்தாப்புல உக்காந்திருக்கும்போது... என்னால முடியல. அவரோடது ஒண்ணாவது உள்ள இருக்கட்டும்னு வச்சேன்."

அவளை எப்படித் திட்ட முடியும்? நான் தொப்பியை மறுபடி அரிசிக்குள் புதைத்தேன்.

சாப்பிடும்போது பெரியத்தா தட்டைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. நீயும் பார்த்தாயே. கை கழுவப் போகும்போதுதான் என் பக்கம் திரும்பினார். "எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுத்தானே போனான், பாப்பா? நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன், பெரியத்தா" என்றேன்.

எதற்காகக் கேட்டார்? அந்தக் கட்டில் ஞாபகத்தில்தானே? நாளைக்கு அத்தாவுக்கு ஏதாவது ஆகி, கோர்ட்டில் என்னை நிறுத்திச் சத்தியம் வாங்கிக் கேட்டால் என்ன சொல்வேன்? உண்மையைச் சொன்னால் வீடு போகும். அம்மா கால் பங்கோடு நிற்பாள், நான் வெளியாளாக நிற்பேன். பொய் சொன்னால்... அல்லாஹ்வை முன்னால் வைத்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது? அத்தாவிடம் சொல்லலாமென்றால் திடுக்கென்று ஆகிவிடும். அம்மாவே அழுது அழுது இப்போதுதான் கண்ணை மூடினாள்.

"தொப்பியைத் தூர எறிஞ்சிரு. யாருக்குத் தெரியப்போகுது?" என்கிறாய் நீ. எறிந்துவிடலாம்தான். ஆனால் கொடுத்த நேரத்தில் அது உள்ளே இருந்தது இருந்ததுதானே?

"அப்ப அவரு ஊருக்குப் போனப்புறம் ரெண்டாந்தரம் செய்யுங்க."

அத்தாவுக்கு முழுசாகக் குணமாகும் வரை அவர் ஊருக்குப் போக மாட்டேன் என்கிறார். அதற்குள் ஏதாவது ஆகிவிட்டால்?

வெளியே கட்டில் கிறீச்சிடுகிறது. எழுந்து உட்கார்ந்துவிட்டார் போலிருக்கிறது.

லோயிஸ், நான் அவரிடமே சொல்லப் போகிறேன்.

"ஏய், நக்கோ, வேணாம்டி! பைத்தியமா உனக்கு? அவருகிட்டயா?"

வேறு யாரிடம் சொன்னாலும் இந்தப் பயம் போகாது. பயமே அவரால்தானே? நீ வேண்டுமானால் ஜன்னலில் நின்று பார். சிரிக்காதே. அழாதே.

டிரம் மூடி சத்தம் போடாமல் வந்துவிட்டது. அம்மா புரண்டு படுக்கிறாள். கதவைத் திறக்கிறேன்.

"யாரு? பாப்பாவா? தூங்கலியா?"

நான் தொப்பியை நீட்டுகிறேன். பெரியத்தா கைக்குட்டையைப் பிரித்து, தெருவிளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறார்.

"இது நான் வாங்கிக் குடுத்ததுல்ல? மதுரையில. நிக்காஹ் அன்னிக்கு நாந்தானே இவன் தலையில வச்சேன். பெருசா இருக்குன்னு உள்ள காகிதம் மடிச்சு வச்சோம்." தொப்பிக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்க்கிறார். "இது எதுக்கு இந்நேரத்துல?"

சொல்கிறேன். அரிசி டிரம், அம்மா, நான் சொன்ன பொய், எல்லாவற்றையும். மூச்சு விடாமல் சொல்லி முடிக்கிறேன். அவர் விசிறிக்கொண்டிருந்த பேப்பர் மடியில் கிடக்கிறது.

"நீ யாருகிட்டச் சொல்றேன்னு தெரியுமா? இது செல்லலைன்னா வீட்டுல முக்காவாசி எனக்கு வரும்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா வந்த?"

"உங்களை நெனச்சுத்தான் பெரியத்தா தூக்கம் வரல. அதான் உங்ககிட்டயே..."

அவருக்குச் சிரிப்பும் இருமலும் சேர்ந்து வருகிறது. வாயைப் பொத்திக்கொள்கிறார். "நான் செவுத்தத் தட்டினதப் பாத்துப் பயந்துட்டியாக்கும்?"

"ஹவ்" என்கிறேன். பயத்தில் ஆமாம் என்பதற்குப் பள்ளிக்கூடத்துப் பேச்சு வந்துவிட்டது.

"பெருமையிலதான் தட்டினேன். எங்கூடச் செருப்பில்லாம திரிஞ்ச பய, கருங்கல்லு வீட்டுல இருக்கானேன்னு." சுவரை ஒருமுறை திரும்பிப் பார்க்கிறார். "ஆசையிலயுந்தான். இல்லேன்னு சொன்னா அது பொய்யி. வீடுன்னா யாருக்குத்தான் ஆசையில்ல?"

கட்டில் ஓரத்தில் உட்காரச் சொல்லிக் கை காட்டுகிறார்.

"எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன். ஒரு வேளை சாப்பிடாம மொறச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். அப்புறம் நானே பீரோவத் தூக்கியிருப்பேன். என்னையப் பஸ்ஸுல ஏத்திவிட்டுட்டு, ஊருல இல்லாத வக்கீல வச்சுச் செஞ்சாங்க பாரு... அதான் தாங்கல. தூக்கம் வரல." முகத்தைத் தோள்துண்டால் துடைத்துக்கொள்கிறார். "அந்த வக்கீலய்யருக்குப் படிப்பு இருக்கு. கட்டிலால வீடு போனவன் நானு. என்னையக் கூப்பிட்டிருந்தா மொத வேலையா அரிசி டிரம்மத்தான் பாத்திருப்பேன். பொம்பளைக அங்கதான் ஒளிப்பாக. வா, அவன எழுப்புவோம்."

"திடுக்குன்னு எழுப்பக் கூடாதுன்னு டாக்டரு..."

"அவன நான் தொட்டில்லயே எழுப்பினவன்."

உள்ளே வந்து அத்தாவின் பாதத்தைப் பிடித்து மெதுவாக அமுக்குகிறார். "நத்தரு. டேய் நத்தர்ஷா. ஒண்ணுமில்ல, பதறாத. வீடு இன்னும் ஒன்னோடதுதான். அதான் சங்கடம்."

அத்தா கண்ணை விழித்து அவரைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், தொப்பியைப் பார்க்கிறார். அம்மா எழுந்து உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொள்கிறாள். "நாந்தாங்க வச்சேன்" என்கிறாள். ஏன் என்று சொல்ல வருகிறாள், முடியவில்லை. நானே சொல்கிறேன். அத்தா அம்மாவின் தலையில் தொப்பியை வைக்கிறார். "அடி கிறுக்கி."

"கொஞ்சுறத அப்புறம் கொஞ்சு" என்கிறார் பெரியத்தா. "மறுபடி முழுசும் செய்யணும். இப்பவே. ஜெய்த்தூனு, நீ உள்ள நிக்காத. அவன்கூட வெளிய வா. அவன் பக்கத்துல உக்காரு. அவன் சாமான் இல்லாத வீட்டுல நீ இருந்தாத்தானே ஒனக்கு மனசு கெடந்து அடிக்கும்? நீயும் வெளிய இருந்தா, உள்ள இருக்கிறது புள்ளயோட வீடு. அம்புட்டுத்தான்."

இது ஏன் பகலில் எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை?

லோயிஸ், நீ ஏன் அங்கேயே நிற்கிறாய்? வா, இந்தக் கடிகாரத்தைப் பிடி. பெரியத்தா பீரோவை முதுகில் சாய்த்துத் தூக்குகிறார். நாங்கள் அடியில் தாங்குகிறோம். அத்தா சும்மா இருக்காமல் ரேடியோவைத் தொடுகிறார். "வையிடா கீழ! பாரம் தூக்கக் கூடாதுன்னுல்ல சொல்லியிருக்கு" என்று ஓர் அதட்டல். அத்தா சின்னப் பையன் மாதிரி கையை எடுத்துக்கொள்கிறார். அண்ணனுக்கு வர வேண்டிய வீட்டிலிருந்து அண்ணனே ஒவ்வொன்றாக வெளியே சுமந்து போகிறார். குடையையும் விடவில்லை.

அதற்குள் உன் அப்பா பனியனோடு, கையில் ஒரு கம்போடு ஓடி வருகிறார். "ராவுத்தர் சார்! திருடன் பீரோவத் தூக்கிட்டுப் போறான்!"

"திருடன் இல்ல தம்பி, வாரிசு" என்கிறார் பெரியத்தா, பீரோவுக்கு அடியிலிருந்து. "நீங்க வந்ததும் நல்லதாப் போச்சு. நீங்க ஒரு சாட்சி, நான் ஒரு சாட்சி. என் சாட்சிக்கு மேல எவன் வந்து பேசுறான்னு பாப்போம்."

அத்தா மறுபடி படியில் நின்று சாவியைக் கொடுக்கிறார். இந்தத் தடவை என் குரல் முதலிலேயே வந்துவிட்டது. "வாங்கிக்கிட்டேன், அத்தா." அம்மா அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடக்கிறாள். தொப்பி இப்போது அத்தா தலையில் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கிறது.

நான் கதவைச் சாத்தப் போகிறேன்.

"நில்லு! நில்லு புள்ள!"

பெரியத்தா தெருவின் பாதியிலிருந்து வேட்டியை மடித்துக் கட்டியபடி திரும்ப ஓடி வருகிறார். கேட்டுக்குள் பாய்ந்து, இத்தனை நேரம் தான் படுத்திருந்த கயிற்றுக் கட்டிலைத் தூக்குகிறார். அது அத்தாவுடையது. கேட்டுக்கு உள்ளே இருந்ததால் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

"இந்தத் தடவை விடமாட்டேன்டா உன்னைய!" என்று கட்டிலைத் திட்டிக்கொண்டே தலையில் கவிழ்த்துக்கொண்டு போகிறார். நாலு காலும் வானத்தைப் பார்க்க, வேப்பமரத்தை நோக்கி. உன் அப்பா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு விளக்கு எரிகிறது.

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுகிறேன். கையில் விளக்கோடு ஒவ்வோர் அறையாகப் போகிறேன். அரிசி டிரம்மை அடிவரை கிளறுகிறேன். அரிசிதான் இருக்கிறது. பீரோ இருந்த சுவரில் வெள்ளையாக ஒரு கட்டம். கடிகாரம் இல்லாததால் என் மூச்சு எனக்கே கேட்கிறது. எனக்கு இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது, லோயிஸ். ஆனால் இந்தப் பயம் வேறு. ஒரு வீட்டை ஒற்றையாளாக வைத்திருக்கும் பயம். இதை என்னால் ரொம்ப நேரம் தாங்க முடியாது.

கதவைத் திறக்கிறேன்.

"வாங்கத்தா. வாங்கம்மா." தெருவுக்குக் கேட்கும்படி சொல்கிறேன். "பெரியத்தா, நீங்களும் உள்ள வாங்க."

அத்தாவும் அம்மாவும் வருகிறார்கள். பெரியத்தா கட்டிலைவிட்டு எழவில்லை. "நீ கூப்பிட்டதே போதும் தாயி. சாமானுக்குக் காவல் வேண்டாமா? விடிஞ்சதும் தூக்கி வைக்கலாம். எனக்கு இப்பத்தான் கண்ணைச் சொக்குது" என்று அங்கேயே கையைத் தலைக்குக் கொடுத்துப் படுக்கிறார்.

நீயும் உள்ளே வந்து படு, லோயிஸ். என் கையைத் தொட்டுப் பார். சூடு வந்துவிட்டது, இல்லை?

கேட்கிறதா? குறட்டை. தெருமுனை வரை கேட்கும்.